ஒன்பது ஓட்டும் ஒரு பனித் தழும்பும்

1827-ஆம் ஆண்டின் கடைசியில், வீட்டுக்கு வந்திருந்த நிக்கோலஸ் டிரிஸ்ட் என்ற இளைஞரிடம் ஜேம்ஸ் மேடிசன் பழைய கதை ஒன்றைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 76. அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, வர்ஜீனியாவில் தன் மாண்ட்பிலியர் பண்ணை வீட்டில் இருந்தார். கதை சொல்லி முடித்ததும் மூக்கின் இடப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். 38 வருடங்களுக்கு முன்னால், தேர்தல் பிரசாரத்துக்குப் போய்விட்டுக் குதிரையில் இருட்டில் திரும்பியபோது பனியில் வெந்த இடம் அது. தழும்பு அப்படியே இருந்தது.

அந்தப் பிரசாரம் நடந்த தேவாலயம் இன்றும் இருக்கிறது. ஹெப்ரன் லூத்தரன் தேவாலயம். நான் இருக்கும் ஃபேர்ஃபாக்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கார் ஓட்டினால் போய்விடலாம். சில வருடங்களுக்கு முன் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். பனி பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெள்ளைப் பலகை அடித்த மரக் கட்டடம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், சுற்றிலும் வயல், மேற்கே நீலமாக மலைத்தொடர். காலை ஆராதனை முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த முற்றத்துப் பனியில் இருபது நிமிடம் நின்று பார்த்தேன். பத்தாவது நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது.

அந்த முற்றத்தில் மேடிசன் ஏன் வந்து நின்றார் என்பதைத்தான் எழுத வந்தேன். அவர் அங்கே வந்ததற்குக் காரணம், அதற்கு இரண்டு மாதம் முன்பு வேறொரு தேர்தலில் ஒன்பது ஓட்டு குறைந்து தோற்றது. அதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அதன்மேல் ஒரு பிடிப்பே வந்துவிட்டது.

அமெரிக்க அரசியலமைப்பு முதலில் எழுதப்பட்டபோது செனட்டர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலத்துக்கு இரண்டு பேர், அந்த இருவரையும் மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். நம் ஊரில் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1913-இல் 17-ஆவது திருத்தம் வந்து மாற்றும் வரை அங்கே இப்படித்தான் நடந்தது. சட்டமன்றம் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று அரசியலமைப்பு சொன்னதே தவிர, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. நியூயார்க்கில் இரண்டு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஓட்டுப் போடுவதா, தனித்தனியாகப் போடுவதா என்று இழுபறி. அதனால் முதல் காங்கிரஸ் அந்த நியூயார்க் நகரத்திலேயே கூடியபோது, அந்த மாநிலத்துக்கு மட்டும் 1789 ஜூலை வரை செனட்டரே கிடையாது. வர்ஜீனியாவில் அந்தச் சிக்கல் வரவில்லை. இரண்டு அவைகளும் சேர்ந்து ஒரே நாளில் ஓட்டுப் போட்டன. உறுப்பினர் ஒவ்வொருவரும் சீட்டில் இரண்டு பேர் எழுதலாம்.

1788 நவம்பர் 8. ரிச்மண்ட் நகரம். எண்ணி முடித்தபோது ரிச்சர்ட் ஹென்றி லீக்கு 98, வில்லியம் கிரேசனுக்கு 86, மேடிசனுக்கு 77.

இந்த மூன்று எண்களையும் முதல்முறை படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அரசியலமைப்பின் மூல வரைவில் மேடிசனுக்கு இருந்த பங்கு பெரியது. அதை எழுதிய 1787 பிலடெல்பியா மாநாட்டில் தினமும் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லி நியூயார்க் பத்திரிகைகளில் கட்டுரை எழுதியவர். அந்த அரசியலமைப்பின்படி நடந்த முதல் செனட் தேர்தலில் சொந்த மாநிலம் அவரை வேண்டாம் என்றது. தேர்ந்தெடுத்த இரண்டு பேரும் அரசியலமைப்பை எதிர்த்தவர்கள். அதற்காக அவர்களைச் சாதாரண ஆட்கள் என்று நினைத்துவிடக் கூடாது. லீ 1776 ஜூனில் சுதந்திரத் தீர்மானத்தை முன்மொழிந்தவர். மாநில உரிமையும் தனிமனித உரிமையும் மத்திய அரசுக்குள் கரைந்துபோய்விடும் என்ற அவர்களுடைய பயம் நிஜமான பயம்.

அந்த பயத்துக்குக் குரல் கொடுத்தவர் பேட்ரிக் ஹென்றி. அன்றைய வர்ஜீனியாவில் அவரைவிடப் பெரிய பேச்சாளர் இல்லை. அவர் வாய் திறந்தால் சபை அவர் பக்கம் சாயும். 1788 ஜூனில் மாநிலத்தின் ஒப்புதல் மாநாடு கூடியபோது அரசியலமைப்பை எதிர்த்து நாள் கணக்கில் பேசினார். எதிரில் மேடிசன், குள்ளமான உருவம், சன்னமான குரல், கையில் குறிப்பு. 89-க்கு 79 என்று அரசியலமைப்பு தப்பியது. ஆனால் அந்தத் தோல்வி மாநாட்டில்தான். சட்டமன்றம் அதன் பிறகும் ஹென்றியின் கையிலேயே இருந்தது.

இந்த இருவருக்கும் இடையே பழைய கணக்கும் உண்டு. நான்கு வருடம் முன்பு, மத போதகர்களின் சம்பளத்துக்காக எல்லோரிடமும் வரி வசூலிக்கும் மசோதாவை ஹென்றி ஆதரித்தார். மேடிசன் அதை எதிர்த்து முறியடித்தார். அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது பாரிஸிலிருந்த ஜெஃபர்சன் மேடிசனுக்குச் சங்கேத எழுத்தில் ஒரு கடிதம் எழுதினார். ஹென்றி சாகவேண்டும் என்று பக்தியோடு பிரார்த்திப்பதுதான் நாம் செய்யக்கூடியது என்று அதில் ஒரு வரி. ஜெஃபர்சன் மாதிரி ஒருவரை இப்படி எழுதவைக்கும் அளவுக்கு ஹென்றியின் செல்வாக்கு இருந்திருக்கிறது.

நவம்பரில் சட்டமன்றத்தில் ஹென்றி என்ன பேசினார் என்பதை ஹென்றி லீ என்ற நண்பர் மேடிசனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம். (பெயர்க் குழப்பம் வேண்டாம், இவர் வேறு, அவர் வேறு.) செனட்டர் பதவியில் வைத்து நம்புவதற்கு மேடிசன் தகுதியில்லாதவர் என்றாராம். அவரைத் தேர்ந்தெடுத்தால் நாடெங்கும் ரத்தம் ஓடைஓடையாக ஓடும் என்றாராம்.

அப்போது மேடிசன் அந்த ஊரிலேயே இல்லை. பழைய கூட்டமைப்புக் காங்கிரஸின் உறுப்பினராக நியூயார்க்கில் இருந்தார். பதில் சொல்ல வழி இல்லை. உண்மையில் அவருக்கு செனட் மேல் பெரிய ஆசையும் இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் சபையே தனக்குப் பிடித்தம் என்று நண்பர் ராண்டால்ஃபுக்கு அக்டோபரில் எழுதியிருந்தார். நண்பர்கள்தான் கேட்காமல் பெயரை முன்மொழிந்தார்கள். இருந்தாலும் 77 ஓட்டு சின்ன எண்ணிக்கை இல்லை. ஹென்றி அவ்வளவு பேசியும் அத்தனை பேர் அவர் பெயரை எழுதியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பேர் மனம் மாறியிருந்தால் மேடிசன் செனட்டுக்குப் போயிருப்பார், பனியில் நிற்கவேண்டியிருந்திருக்காது.

ஹென்றி அத்துடன் விடவில்லை. அதே கூட்டத்தொடரில் இரண்டாவது அரசியலமைப்பு மாநாட்டைக் கூட்டவேண்டும் என்று காங்கிரஸுக்கு மனு அனுப்பத் தீர்மானம் நிறைவேறியது. அப்படி ஒன்று கூடினால் பிலடெல்பியாவில் கட்டியதெல்லாம் பிரிந்து போகும் என்பது மேடிசனின் பெரிய கவலை. அடுத்து, பிரதிநிதிகள் சபைக்கான தொகுதிகளைப் பிரித்தார்கள். மேடிசனின் ஆரஞ்ச் கவுண்டியை (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஏழு கவுண்டிகளோடு சேர்த்தார்கள். அந்த எட்டில் ஐந்து, ஜூன் மாநாட்டுக்கு அரசியலமைப்பை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களையே அனுப்பியவை. வேண்டுமென்றே செய்தார்களா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் தொகுதி கோணல்மாணலாக இல்லை, அடுத்தடுத்த எட்டு கவுண்டிகள்தான். ஆனால் கூடவே இன்னொரு விதியும் போட்டார்கள். வேட்பாளர் அந்தத் தொகுதியில் பன்னிரண்டு மாதம் குடியிருந்தவராக இருக்கவேண்டும். நல்ல வாய்ப்புள்ள வேறு தொகுதிக்கு மேடிசன் போய்விடாமல் போட்ட பூட்டு அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

எதிராக நிறுத்திய ஆள் ஜேம்ஸ் மன்றோ. வயது 30. போரில் காயம்பட்டவர், ஜெஃபர்சனிடம் சட்டம் படித்தவர். எல்லாவற்றுக்கும் மேல் மேடிசனின் நண்பர். இரண்டு பேரும் சேர்ந்து நியூயார்க் மாநிலத்தில் மோஹாக் பள்ளத்தாக்கில் நிலம்கூட வாங்கியிருந்தார்கள். ஜூன் மாநாட்டில் அரசியலமைப்புக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். உரிமைகளுக்குப் பாதுகாப்பு எழுதப்படவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது. அந்தக் காரணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நண்பர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். உடனே கிளம்பி வாருங்கள், நேரில் வராவிட்டால் தோற்றுவிடுவீர்கள் என்று. மேடிசனுக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போவது பிடிக்காது. அந்தச் சமயத்தில் மூலநோய் வேறு. நியூயார்க்கிலிருந்து வர்ஜீனியாவுக்கு அந்தக் காலத்துச் சாலையில் வண்டியில் குலுங்கி வருவது என்ன பாடு என்பது அந்த நோய் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கிளம்பினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் மவுன்ட் வெர்னனில் வாஷிங்டன் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு ஆரஞ்ச் வந்து சேர்ந்தார்.

வந்து பார்த்தால் தொகுதி முழுக்க ஒரே பேச்சு: அரசியலமைப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மேடிசன் சம்மதிக்கமாட்டார், மனச்சாட்சியின் சுதந்திரத்தைப் பற்றி அவருக்கு அக்கறை போய்விட்டது. இது பாப்டிஸ்ட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் காதில் போய் விழுந்துவிட்டது. அவர்கள் ஓட்டு அந்தப் பக்கத்தில் கணிசமானது.

அவர்களுக்கு இது ஏட்டு விஷயம் இல்லை. சுதந்திரத்துக்கு முன்பு வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபைதான் அரசாங்க மதம். அனுமதி வாங்காமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். கல்பெப்பரில் ஜேம்ஸ் அயர்லண்ட் என்ற போதகர் சிறைக் கம்பி வழியாகவே வெளியே நின்ற கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்தார். மேடிசனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. 1774 ஜனவரியில் பிலடெல்பியா நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பக்கத்துக் கவுண்டியில் ஐந்தாறு நல்ல மனிதர்கள் தங்கள் மத நம்பிக்கையைச் சொன்னதற்காகச் சிறையில் கிடக்கிறார்கள் என்று கொதிக்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்தால் 22 வயதுப் பையனின் கோபம் அப்படியே தெரிகிறது. அதனால் பாப்டிஸ்ட்டுகளுக்கு அவர் புது ஆள் இல்லை. நம் ஆளே மாறிவிட்டாரோ என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்.

1789 ஜனவரி 2-ஆம் தேதி ஆரஞ்சில் பாப்டிஸ்ட் போதகராக இருந்த ஜார்ஜ் ஈவுக்கு மேடிசன் ஒரு கடிதம் எழுதினார். இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த காகிதம் அது. மழுப்பல் இல்லாத கடிதம். அரசியலமைப்பு ஒப்புதலாவதற்கு முன்பு திருத்தங்களை நான் எதிர்த்தேன், உண்மை, அப்போது கைவைத்தால் எல்லாம் கலைந்துவிடும் என்று பயந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். இப்போது ஒப்புதல் ஆகிவிட்டது, நிலைமை மாறிவிட்டது, கூடப்போகும் முதல் காங்கிரஸே அடிப்படை உரிமைகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு எழுதி மாநிலங்களுக்கு அனுப்பவேண்டும் என்கிறார். மனச்சாட்சியின் உரிமை முழு அளவில், பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை, யார் வீட்டிலும் புகுந்து சோதனை போட அனுமதிக்கும் பொது வாரண்ட்டிலிருந்து பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறார்.

ஈவ் அதை மடித்துப் பெட்டியில் வைக்கவில்லை. தேவாலயக் கூட்டத்தில் எழுந்து மேடிசனுக்காகப் பேசினார். முன்பு நமக்காக யார் நின்றார் என்று நினைவுபடுத்தினார்.

மூன்று மாதத்துக்குள் மேடிசனின் பேச்சு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 1788 அக்டோபரில் ஜெஃபர்சனுக்கு எழுதும்போது, உரிமைப் பட்டியல் இருப்பது நல்லதுதான், ஆனால் இல்லாததைப் பெரிய குறையாகத் தான் நினைத்ததில்லை என்கிறார். பெரும்பான்மை பலத்தோடு எழுந்து வரும்போது காகித வேலி எதையும் தடுக்காது, வர்ஜீனியாவிலேயே அதைப் பார்த்திருக்கிறேன் என்கிறார். அந்தக் கடிதம் செனட் தேர்தலுக்கு முன்னால் எழுதியது. ஈவுக்கு எழுதியது பின்னால். மனசுக்குள் அவர் ஏற்கனவே கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து நச்சரித்ததும் உண்மைதான். ஆனால் பத்திரமாக செனட்டுக்குப் போயிருந்தால் ஈவ் மாதிரி ஒரு போதகருக்கு எழுத்தில் வாக்குக் கொடுக்கவேண்டிய அவசியம் அவருக்கு வந்திருக்காது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மேடிசனும் மன்றோவும் சேர்ந்தே பல இடங்களுக்குப் போனார்கள். கோர்ட் கூடும் நாட்களில் கவுண்டி நீதிமன்ற வாசலில் கூட்டம் சேரும். அங்கே மாறி மாறிப் பேசுவார்கள். ஹெப்ரனும் அப்படி ஒரு இடம். அந்தச் சபையில் இருந்தவர்கள் ஜெர்மானியக் குடியேறிகளின் பிள்ளைகள். பிரியாமல் ஒரே பக்கமாக ஓட்டுப் போடுவார்கள், அந்த ஓட்டு தராசை ஒரு பக்கம் சாய்த்துவிடும் என்று பேச்சு. டிரிஸ்டிடம் மேடிசன் சொன்னதை நான் பல முறை படித்திருக்கிறேன். முதலில் ஆராதனை நடந்தது. அப்புறம் இரண்டு ஃபிடில் வைத்து இசை. அந்த ஜனங்களுக்கு இசை என்றால் உயிர். எல்லாம் முடிந்த பிறகு வெளியே பனியில் நிற்கவைத்து, அரசியலமைப்பைப் பற்றி இருவரும் வாதாடினார்கள். ஜனங்கள் பொறுமையாகக் கடைசி வரை நின்று கேட்டார்கள். ஏதோ ஒரு சண்டை, அதற்கு நாம் சாட்சியாக நிற்கவேண்டும் என்பது போல நின்றார்கள் என்கிறார் மேடிசன். அதன் பிறகு தங்கும் இடத்துக்கு இரவில் 12 மைல் குதிரையில் போனார். மூக்கு அப்போதுதான் போனது.

தனக்கும் மன்றோவுக்கும் இடையே அணுவளவும் மனக்கசப்பு வந்ததில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். 38 வருடம் கழித்துச் சொல்வதால் கொஞ்சம் இனிப்புக் கூடியிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் அதன் பிறகான அவர்கள் வாழ்க்கையும் அதையே சொல்கிறது. மேடிசன் ஜனாதிபதியாக இருந்தபோது 1811 முதல் மன்றோதான் அவருடைய வெளியுறவு அமைச்சர், அவருக்குப் பின் ஜனாதிபதி.

பிப்ரவரி 2-ஆம் தேதி வாக்குப்பதிவு. ரிச்மண்டில் சட்டமன்ற உறுப்பினர்கள் சீட்டில் எழுதிப் போட்டார்கள். இங்கே சீட்டு இல்லை, வாயால் சொல்லவேண்டும். அன்றைய வர்ஜீனியா வழக்கப்படி நீதிமன்றத்தில் ஷெரிஃப் உட்கார்ந்திருப்பார், வாக்காளர் முன்னால் வந்து எல்லார் காதிலும் விழும்படி தன் வேட்பாளரின் பெயரைச் சொல்வார், எழுத்தர் குறித்துக்கொள்வார். வேட்பாளர் அங்கே இருந்தால் எழுந்து நன்றி சொல்வார். ஓட்டுப் போட வந்தவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பதும் வழக்கம். 1777-இல் மேடிசன் அதைச் செய்யமாட்டேன் என்று நின்று, சாராயக்கடை வைத்திருந்த ஒருவரிடம் சட்டமன்றத் தேர்தலில் தோற்றிருக்கிறார்.

இந்த முறை என்ன நடந்தது என்று கவுண்டி வாரியாகக் கணக்கு இருக்கிறது. சொந்த ஊரான ஆரஞ்சில் மேடிசனுக்கு 216, மன்றோவுக்கு 9. ஆம்ஹெர்ஸ்ட், ஸ்பாட்சில்வேனியா, ஃப்ளுவன்னா மூன்றும் மன்றோவுக்கு. கூச்லண்டில் மன்றோவுக்கு 133, மேடிசனுக்கு 132. அந்த ஒரு ஓட்டுக்காரர் யாராக இருந்திருப்பார், அந்தக் குளிரில் எத்தனை மைல் வந்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கவுண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆளுக்கு நான்கு.

கல்பெப்பர்தான் விஷயம். பாப்டிஸ்ட் போதகர் கம்பிக்குப் பின்னால் நின்று பிரசங்கம் செய்த அதே கல்பெப்பர். ஹெப்ரன் தேவாலயமும் அன்று அந்தக் கவுண்டிக்குள்தான் இருந்தது. ஜூன் மாநாட்டுக்கு அரசியலமைப்பின் எதிரிகள் இருவரை அனுப்பிய அந்தக் கவுண்டி இப்போது மேடிசனுக்கு 256, மன்றோவுக்கு 103 என்று கொடுத்தது. மொத்தத்தில் மேடிசன் 1,308, மன்றோ 972. வித்தியாசம் 336. கல்பெப்பர் மட்டும் தலைகீழாகப் போயிருந்தால் அது முப்பதாகச் சுருங்கியிருக்கும். பனியில் நின்ற ஜெர்மானியர்கள் எத்தனை பேர், பாப்டிஸ்ட்டுகள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லும் கணக்கு இல்லை. ஆனால் ஜனவரி மாத அலைச்சல் எந்தக் கவுண்டியில் பலித்தது என்று தெரிகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஓட்டுப் போட்ட அந்த 2,280 பேரும் நிலம் வைத்திருந்த வெள்ளைக்கார ஆண்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லை, நிலமில்லாதவருக்கு இல்லை, சுதந்திரமாக இருந்த கறுப்பினத்தவருக்கும் இல்லை. அடிமைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மனச்சாட்சியின் சுதந்திரத்தைப் பற்றி அப்படி உருகி எழுதிய மேடிசன் தன் உயிலில்கூட ஒருவரையும் விடுதலை செய்யவில்லை. ஹெப்ரனுக்குப் போவதற்கு முந்தின வருடம் மாண்ட்பிலியருக்குப் போயிருந்தேன். அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் அறுத்த செங்கல்லில் விரல் பதிந்திருப்பதைக் காட்டுகிறார்கள். சின்ன விரல்கள், குழந்தைகளுடையவை. ஈரக் களிமண்ணில் அழுந்தி அப்படியே சூளைக்குப் போனவை. மூக்குத் தழும்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த விரல் தடங்களும் சேர்ந்தே ஞாபகம் வருகின்றன.

சரி, வாக்கு என்ன ஆனது? 1789 ஜூன் 8-ஆம் தேதி மேடிசன் பிரதிநிதிகள் சபையில் எழுந்து திருத்தங்களை முன்வைத்தார். சபைக்கு எரிச்சல். இறக்குமதி வரி பற்றிப் பேசவேண்டும், இலாகாக்களை அமைக்கவேண்டும், இப்போது இதற்கென்ன அவசரம் என்று அவர் கட்சிக்காரர்களே கேட்டார்கள். அவர் விடவில்லை. ஆகஸ்டில் சபை 17 திருத்தங்களை நிறைவேற்றி செனட்டுக்கு அனுப்பியது.

அந்த செனட்டில் வர்ஜீனியாவின் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் லீயும் கிரேசனும். அன்றைய செனட் பூட்டிய கதவுக்குப் பின்னால் கூடியது, என்ன பேசினார்கள் என்று முழுப் பதிவு கிடையாது. பதினேழைப் பன்னிரண்டாக்கித் திருப்பி அனுப்பியது. அதில் ஒன்றை அடியோடு எடுத்துவிட்டது. மனச்சாட்சி உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், குற்ற வழக்கில் ஜூரி விசாரணை, இந்த மூன்றையும் எந்த மாநிலமும் மீறக் கூடாது என்ற திருத்தம் அது. முழுப் பட்டியலிலும் இதுதான் மிக மதிப்புள்ளது என்று மேடிசன் சபையில் சொல்லியிருந்தார். கல்பெப்பரில் போதகர்களைச் சிறையில் போட்டது உள்ளூர் அதிகாரம்தானே, தூரத்தில் இருக்கும் அரசு இல்லையே. மாநிலங்களின் பிரதிநிதிகள் நிறைந்த அவை மாநிலங்களின் கையைக் கட்டச் சம்மதிக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு 1868-இன் 14-ஆவது திருத்தம் வழியாக, அதுவும் இருபதாம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் சொல்லித்தான் வந்து சேர்ந்தது. மேடிசன் செனட்டில் இருந்திருந்தால் அதைக் காப்பாற்றியிருப்பாரா? இந்தக் கேள்விக்கு முன்னால் என் வாதம் கொஞ்சம் தடுமாறுகிறது. ஆனால் செனட்டில் இருந்திருந்தால் அதை எழுதியே இருப்பாரா என்ற கேள்வி அதற்கு முன்னால் வந்து நிற்கிறது.

லீக்கும் கிரேசனுக்கும் இதில் திருப்தி இல்லை. அவர்கள் கேட்டது மத்திய அரசின் வரி அதிகாரத்தையும் படை அதிகாரத்தையும் குறைக்கும் திருத்தங்கள். கிடைத்தது உரிமைப் பட்டியல். போதாத திருத்தங்களை வருத்தத்தோடு அனுப்புகிறோம் என்று செப்டம்பர் கடைசியில் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு எழுதினார்கள். வர்ஜீனியா மேலவை அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் இழுத்தது. கடைசியில் 1791 டிசம்பர் 15-ஆம் தேதி அதே வர்ஜீனியா ஒப்புக்கொண்டபோதுதான் பத்துத் திருத்தங்களுக்குத் தேவையான எண்ணிக்கை நிறைவேறியது. மிஞ்சிய இரண்டில் ஒன்று காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றியது. அது இருநூறு வருடம் கிடப்பில் கிடந்து 1992-இல் 27-ஆவது திருத்தமாக உயிர் பெற்றது.

கிரேசன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1790 மார்ச்சில் இறந்துபோனார், பதவியில் இருக்கும்போது இறந்த முதல் செனட்டர் அவர். சில மாதம் ஜான் வாக்கர் என்பவர் அந்த இடத்தில் இருந்தார். நவம்பர் 9-ஆம் தேதி ரிச்மண்டில் சட்டமன்றம் மறுபடி கூடி அந்த இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தது. இந்த முறை தேர்வானவர் மன்றோ. மேடிசனுக்கு ஒன்பது ஓட்டில் கை நழுவிய அதே நாற்காலி, முழுசாக இரண்டு வருடமும் ஒரு நாளும் கழித்து, பனியில் அவருக்கு எதிரில் நின்று வாதாடிய நண்பருக்குப் போனது.

ஹெப்ரனிலிருந்து அன்று திரும்பியபோது இருட்டிவிட்டது. எந்தத் திசையில் மேடிசன் குதிரையை விட்டார் என்று எனக்குத் தெரியாது, அதனால் நேர் பாதையிலேயே 12 மைலை காரின் கணக்கில் பார்த்துக்கொண்டு வந்தேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தும் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். மூன்றாவது மைலிலேயே மூக்கு எரிய ஆரம்பித்து ஏற்றிவிட்டேன். தெருவிளக்கு எங்கும் இல்லை, வயல் முழுக்க பனி. அந்த ராத்திரி அவருக்குத் தேர்தல் முடிவு தெரியாது. ரிச்மண்டில் விழுந்த 77 மட்டும்தான் தெரியும்.